ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய்

முப்பது பிள்ளைகள் வரை படிக்கும் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு, ஆண்டு முழுவதும் கைச்செலவுக்கு என்று விதிப்படி கிடைக்க வேண்டிய ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ரூ.10,000. கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரையிலான பள்ளிகளுக்குக் குறைந்தது 200 வேலை நாட்கள் என்கிறது. வகுத்துப் பார்த்தால் நாளைக்கு ஐம்பது ரூபாய். சாக்பீஸ், பதிவேடு, பிரிண்ட் அவுட், பல்பு, ஃபேன் ரிப்பேர், குழாய், தண்ணீர்த் தொட்டி கழுவும் கூலி, கதவுத் தாழ்ப்பாள் எல்லாம் அந்த ஐம்பதுக்குள் அடங்க வேண்டும். அதிலும் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்கு ஒதுக்கியாக வேண்டும். ஆக பினாயில், சோப்பு, பிளீச்சிங் பவுடர், துடைப்பம் அத்தனைக்கும் சேர்த்து நாளைக்கு ஐந்து ரூபாய்.

இன்னொரு பிள்ளை சேர்ந்து 31 ஆகிவிட்டால் மானியம் ரூ.25,000. நூறைத் தாண்டினால் ரூ.50,000. 250-ஐத் தாண்டினால் ரூ.75,000. ஆயிரத்துக்கு மேல் ஒரு லட்சம். கணக்கெடுக்கும் நேரத்தில் ஒரு குடும்பம் திருப்பூருக்கு வேலை தேடிப் போய்விட்டால், அந்தப் பள்ளியின் ஆண்டு வரவில் பதினைந்தாயிரம் குறைந்துவிடக்கூடும். போன பிள்ளையால் மின்விசிறி ஒன்று குறையாது, கழிப்பறை ஒன்று குறையாது. செலவு அப்படியே நிற்கும்.

கோடை விடுமுறைக்குச் சற்று முன்பு இப்படி ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். ஊர் பெயரும் மாவட்டமும் வேண்டாம். என்னால் அந்தத் தலைமையாசிரியை மேலிடத்துக்கு விளக்கக் கடிதம் எழுதும்படி ஆகக் கூடாது. இரண்டு ஆசிரியர்கள், இருபத்தெட்டு பிள்ளைகள். பணப்பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். வரவுப் பக்கத்தில் ஜூன் தொடங்கி மார்ச் மூன்றாம் வாரம் வரை ஒரு வரி கூட இல்லை. அதுவரை செலவுப் பக்கமும் காலி. ஆனால் மேசை இழுப்பறைக்குள் குண்டூசி குத்திய ரசீதுக் கட்டு ஒன்று இருந்தது. பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள், இரண்டு பிளாஸ்டிக் குழாய், எல்இடி பல்பு, எலக்ட்ரீஷியன் கூலி, சாக்பீஸ் பெட்டி. கூட்டினால் மூவாயிரத்துச் சொச்சம். எல்லாம் அவருடைய கைக்காசு.

“மானியம் வரட்டும்னு தாழ்ப்பாளை அப்படியே விட்டா அஞ்சாங்கிளாஸ் பொம்பளப் பிள்ளைங்க பாத்ரூம் பக்கமே போகாதுங்க சார். காலையிலேருந்து தண்ணி குடிக்கிறதையே நிறுத்திடுங்க” என்றார்.

இந்தக் கட்டுரையில் இனி கோடிக் கணக்கில் தொகைகள் வரும். அவற்றைப் படிக்கும்போது அந்தத் தாழ்ப்பாளையும் நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். மேலே நிறுத்தப்படும் தொகை கடைசியில் வந்து சேரும் இடம் அதுதான்.

பள்ளி மானியம் எங்கிருந்து வருகிறது? 2001-ல் சர்வ சிக்ஷா அபியான் என்ற பெயரில் தொடக்கக் கல்விக்கு ஒரு திட்டம் வந்தது. நாம் எஸ்எஸ்ஏ என்று சொல்லிப் பழகியது. 2009-ல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு ஆர்எம்எஸ்ஏ வந்தது. 2018-ல் இரண்டையும் ஆசிரியர் பயிற்சித் திட்டத்தையும் ஒன்றாக்கி சமக்ர சிக்ஷா என்றார்கள். தமிழில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி. தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் செலவை ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கிட்டுக்கொள்கின்றன. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90, 10.

ஒன்றிய அரசு தரும் அந்த அறுபதை யாரோ போடும் கொடையாக நினைப்பவர்கள் உண்டு. வருமான வரி கட்டும் ஒவ்வொருவரும் வரித் தொகையின் மேல் நூற்றுக்கு நான்கு என்று சுகாதாரம், கல்விக்கான மேல்வரி கட்டுகிறார். 2004-ல் அது கல்விக்கென்று 2 ஆகத் தொடங்கியது. பிறகு 3 ஆனது. 2018-ல் சுகாதாரத்தையும் சேர்த்து 4 ஆனது. சாதாரண வரியில் நிதிக்குழு சொல்லும் பங்கு மாநிலங்களுக்கு வரும். மேல்வரியில் அப்படிப் பங்கு கிடையாது. வசூலாகும் முழுத் தொகையும் ஒன்றிய அரசிடமே இருக்கும். சமக்ர சிக்ஷா போன்ற திட்டங்களின் வழியாகத்தான் அது ஊர்ப் பள்ளிக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அந்த வழியை அடைத்தால், கல்விக்கென்றே கட்டிய வரி கட்டியவர் ஊருக்கு வந்து சேராது.

2024-25-ல் அந்த வழி அடைபட்டது. அந்த ஆண்டுக்குத் தமிழ்நாட்டின் சமக்ர சிக்ஷா திட்டமாக ஒப்புதல் பெற்ற தொகை ரூ.3,586 கோடி. அதில் ஒன்றிய அரசின் பங்கு ரூ.2,152 கோடி. முதல் தவணையான ரூ.573 கோடியே வரவில்லை. காரணம் பிஎம் ஸ்ரீ. 2022 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தனித் திட்டம் அது. நாடு முழுவதும் 14,500-க்கும் அதிகமான பள்ளிகளை ஐந்தாண்டுகளில் முன்மாதிரிப் பள்ளிகளாக மேம்படுத்த ரூ.27,360 கோடி. அதில் சேர மாநிலம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். தேசியக் கல்விக் கொள்கை 2020-ஐ முழுமையாக நடைமுறைப்படுத்துவதாக அந்த ஒப்பந்தம் சொல்கிறது. அந்தக் கொள்கை சொல்லும் மும்மொழித் திட்டத்தை ஏற்காத தமிழ்நாடு அந்த வரியை மாற்றித் தரும்படி கேட்டது. மாறவில்லை. கையெழுத்தும் ஆகவில்லை. பிஎம் ஸ்ரீ பணம் வராமல் போனால் அது புரிந்துகொள்ளக்கூடியது. நின்றது சமக்ர சிக்ஷா பணம்.

தேசியக் கல்விக் கொள்கையை ஆதரிப்பவர், எதிர்ப்பவர் என்று இதைப் படிப்பவர்களில் இரு தரப்பும் இருப்பீர்கள். என் கவலை வேறு இடத்தில். ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு ஒரு சட்டக் கடமையை நிறைவேற்றத் தரும் பணத்தை, மாநிலத்தில் சில நூறு பள்ளிகளுக்கான வேறொரு திட்டத்தின் கையெழுத்தோடு முடிச்சுப் போடலாம் என்று ஒருமுறை பழகிவிட்டால், நாளை எந்தத் திட்டத்தோடும் முடிச்சுப் போடலாம். ஒன்றியத்தில் ஆட்சி மாறினாலும் அந்தப் பழக்கம் அங்கேயே இருக்கும். புதிதாக வருபவர் கைக்கும் அது உதவும். நாடாளுமன்றத்தின் கல்விக்கான நிலைக்குழு 2025 மார்ச்சில் இதைத்தான் சொன்னது: சமக்ர சிக்ஷா பிஎம் ஸ்ரீக்கு முந்தையது, கல்வி உரிமைச் சட்டத்தை நிறைவேற்றுவதற்கானது, அதன் நிதியை இதற்காக நிறுத்திவைப்பது நியாயமில்லை.

இது தமிழ்நாட்டின் கதை மட்டும் இல்லை. பஞ்சாபுக்கும் டெல்லிக்கும் மேற்கு வங்கத்துக்கும் இதே காரணத்துக்காகப் பணம் நின்றது. பஞ்சாப் 2024-ல் ஒப்புக்கொண்டது. கேரளம் 2025 அக்டோபரில் கையெழுத்திட்டு, கூட்டணிக்குள் எழுந்த எதிர்ப்பால் அந்த மாதம் முடிவதற்குள் நிறுத்திவைத்தது. தமிழ்நாடு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, வட்டியும் சேர்த்து ரூ.2,291 கோடி கேட்டது.

இந்த இடத்தில் விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார்: “பள்ளிக் கல்வித் துறைக்கு மாநில பட்ஜெட்டில் 2024-25-ல் ரூ.44,042 கோடி. இந்த 2,152 அதில் நூற்றுக்கு ஐந்து கூட வராதே, இதற்கா இவ்வளவு?” கணக்கு சரி. ஆனால் எந்த ஐந்து என்று பார்க்க வேண்டும்.

நாற்பத்து நான்காயிரம் கோடியின் பெரும்பகுதி சம்பளம். ஆசிரியருக்கு மாதம் பிறந்தால் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டிய பணம். அதில் ஒரு ரூபாயை எடுத்து யாரும் தாழ்ப்பாள் வாங்க முடியாது. ஒரு பள்ளிக்குள் அன்றாடம் அசையும் பணம், அதாவது மானியம், நூலகத்துக்கும் விளையாட்டுக்கும் வரும் சிறு தொகைகள், ஆசிரியர் பயிற்சி, தொலைவிலிருந்து வரும் பிள்ளைக்குப் போக்குவரத்துப் படி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு உதவியாளர் படி, இவை பெரும்பாலும் இந்த ஐந்துக்குள் அடங்கியவை. வீட்டில் வருமானம் குறைந்தால் வாடகையை நிறுத்த மாட்டோம். மருந்தையும் காய்கறியையும் குறைப்போம். பள்ளியிலும் அதுவே நடக்கிறது. கட்டிடம் நிற்கும், ஆசிரியர் வருவார், மணி அடிக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

முதலில் அடிபடுபவர்கள் யார் என்று சொல்கிறேன். ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள். மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, செவித்திறன் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சி தருபவர்கள் இவர்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளையின் வீட்டுக்கே போவார்கள். தொகுப்பூதியம், ஒப்பந்தம். சம்பளம் சமக்ர சிக்ஷாவில். ஒரு பிள்ளையின் காலை வாரம் ஒருமுறை நீட்டி மடக்கிப் பழக்கும் வேலையில், ‘பணம் வந்ததும் சேர்த்துச் செய்துகொள்ளலாம்’ என்று தள்ளிப்போட முடியாது. இறுகிய தசை இறுகியதுதான். பணம் ஓராண்டு கழித்து வட்டியோடு வந்தாலும் அந்த ஓராண்டை அந்தக் காலுக்குத் திருப்பித் தர முடியாது.

அடுத்து பகுதிநேர ஆசிரியர்கள். 2012-ல் எஸ்எஸ்ஏ திட்டத்தில் 16,549 பேரை மாதம் ரூ.5,000-க்கு எடுத்தார்கள். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை. பலர் விட்டுப் போய்விட்டார்கள். பன்னிரண்டாயிரம் பேர் அளவில் எஞ்சியிருந்தார்கள். பல போராட்டங்களுக்குப் பிறகு தொகை ரூ.12,500 ஆனது. மே மாதம் பள்ளி இல்லை என்று பல ஆண்டுகள் அந்த மாதச் சம்பளம் தரப்படவில்லை. கிராமத்து நடுநிலைப் பள்ளியில் ஒரு பிள்ளை தூரிகையைத் தொடுகிறது, கணினியைத் தொடுகிறது என்றால் பெரும்பாலும் இவர்களில் ஒருவரால்தான். நிதி நின்றால் 40 லட்சம் மாணவர்களும் 32 ஆயிரம் பணியாளர்களும் பாதிக்கப்படுவார்கள் என்று மாநில அரசு சொன்ன கணக்கில் இத்தகையவர்கள்தான் இருக்கிறார்கள். நிறுத்திவைத்த காலத்தில் தன் சொந்த நிதியிலிருந்து செலவைத் தாங்கிக்கொண்டதாக மாநில அரசு 2025 மார்ச் பட்ஜெட்டில் சொன்னது. அது பாராட்டத்தக்கது. அந்தப் பணம் வேறு எதற்கோ போக வேண்டிய பணம் என்பதும் உண்மை.

மூன்றாவதாக அடிபட்டவர்களை நேரடியாகவே பார்க்க முடிந்தது. கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவின்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிவடைந்த பிரிவினருக்குத் தர வேண்டும். கட்டணத்தை அரசு ஈடுசெய்யும். வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் விண்ணப்பம் தொடங்கும். 2025-ல் தொடங்கவில்லை. ஈடு செய்யும் பணத்தில் ஒன்றியத்தின் பங்கும் சமக்ர சிக்ஷாவோடு சேர்ந்து நின்றுவிட்டது என்பது காரணம். கோவையைச் சேர்ந்த ஒருவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் இரண்டு அரசுகளிடமும் கறாராகப் பேசியது. கல்வி உரிமைச் சட்டத்தின் கடமையைச் சமக்ர சிக்ஷாவிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஒன்றியத்துக்கும், பணம் வரவில்லை என்பதைச் சொல்லி மாநிலம் தன் கடமையிலிருந்து விலக முடியாது என்று மாநிலத்துக்கும். அக்டோபரில் ஒன்றிய அரசு சுமார் ரூ.450 கோடியை விடுவித்தது. அதன் பிறகு சேர்க்கை அறிவிக்கப்பட்டது. அக்டோபரில் எந்தப் பிள்ளை புதிதாகப் பள்ளியில் சேரும்? ஜூனிலேயே கட்டணம் கட்டிச் சேர்ந்துவிட்ட பிள்ளைகளில் தகுதியுள்ளவர்களுக்குத்தான் அந்த இடங்கள் போயின. ஜூனில் கட்டப் பணமில்லாதவர் வரிசைக்கே வர முடியவில்லை. சட்டம் யாரை நினைத்து எழுதப்பட்டதோ, அவர்தான் அந்த ஆண்டு வெளியே நின்றார்.

பணம் முற்றிலும் நிற்பது ஒரு ஆபத்து. தாமதமாக வருவது இன்னொன்று. இது எல்லா ஆண்டும் நடப்பதால் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. 2021-ல் வந்த முறைப்படி ஒன்றியத் திட்டம் ஒவ்வொன்றின் பணமும் மாநிலத்தில் ஒரே ஒரு மையக் கணக்கில் இருக்கும். பள்ளியின் வங்கிக் கணக்கு பூஜ்ய இருப்புக் கணக்கு. ‘இவ்வளவு வரை செலவழிக்கலாம்’ என்ற வரம்பு மட்டும் திரையில் தெரியும். ஒரு தவணையில் முக்கால் பங்கு செலவானதைக் காட்டினால்தான் அடுத்த தவணை வரும். முறைகேட்டைத் தடுக்கவும், பயன்படாமல் பணம் தேங்குவதைத் தவிர்க்கவும் கொண்டுவந்த ஏற்பாடு. நோக்கம் நல்லது. ஆனால் எங்கோ ஒரு மாவட்டத்தில் பில் தாமதமானால், பயன்பாட்டுச் சான்று தாமதமாகும். சான்று தாமதமானால் மாநிலத்தின் அடுத்த தவணை தாமதமாகும். அதனால் ஒழுங்காகக் கணக்கு வைத்த பள்ளியும் காத்திருக்க நேரும். மார்ச் 31 ஆனதும் செலவாகாத வரம்பு மறைந்துவிடும்.

இங்கே ஊர்க்காரர்களாகிய நாம் எங்கே இருக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. பள்ளியின் பெயர்ப்பலகையில் இன்னும் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்றுதான் இருக்கிறது. அந்தப் பெயருக்கு ஒரு காலத்தில் முழு அர்த்தம் இருந்தது. 1920-ம் ஆண்டுச் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகள் கல்விக்கென்று வரி போட வழி செய்தது. நகராட்சிகளில் இன்றும் சொத்து வரிக்குள் கல்வி வரி என்று ஒரு கூறு இருக்கிறது. நகர்ப்புற உள்ளாட்சிக் கணக்கில் தொடக்கக் கல்வி நிதி என்று தனிக் கணக்கே உண்டு. உங்கள் நகராட்சியில் அந்த நிதியில் எவ்வளவு இருக்கிறது, கடந்த ஆண்டு எந்தப் பள்ளிக்குப் போனது என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981-ல் அரசு ஊழியர்களானார்கள். அது அவர்களுக்கு அவசியமான நியாயம். அதோடு பள்ளி இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஆசிரியர் கல்வித் துறையில். கட்டிடமும் பராமரிப்பும் ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் ஊராட்சி ஒன்றியத்தில். ஓடு ஒழுகினால் வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுத வேண்டும், அவர் பிடிஓவுக்கு எழுத வேண்டும், பொறியாளர் வந்து மதிப்பீடு போட வேண்டும்.

இந்தச் சங்கிலியைத் தட்டி எழுப்பக் கூடியவர் ஊராட்சித் தலைவரும் ஒன்றியக் கவுன்சிலரும். 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்தது. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தனி அலுவலர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் கையில் பல ஊராட்சிகள். அவருக்கு அந்த ஊரில் ஓட்டுக் கிடையாது, அந்தப் பள்ளியில் அவர் பேரப் பிள்ளை படிக்கவில்லை. வாசலில் நின்று கேட்க ஓர் ஆள் இல்லாத காலத்தில்தான் மேலிருந்தும் பணம் நின்றது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததை நான் மிகவும் அபாயமாகப் பார்க்கிறேன்.

பராமரிப்பைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடு ஒரு முறை விலை கொடுத்திருக்கிறது. 2021 டிசம்பர் 17, திருநெல்வேலி. அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுவதும் பழுதடைந்த கட்டிடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். 2022-ல் பேராசிரியர் அன்பழகன் பெயரில் ஐந்தாண்டுகளில் ரூ.7,000 கோடிக்குப் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பல ஊர்களில் புது வகுப்பறைகள் எழுந்திருக்கின்றன. கண்ணால் பார்த்திருக்கிறேன், மகிழ்ச்சி. ஆனால் புதிதாகக் கட்டத் திட்டம் இருக்கிறது, கட்டியதைக் காக்க நாளைக்கு ஐம்பது ரூபாய்தான் இருக்கிறது. இன்றைய புதுச் சுவரில் மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் எடுத்துவிட ஆளும் கூலியும் இல்லையென்றால், இருபது ஆண்டு கழித்து அதுவும் பழைய சுவர்தான்.

மாநில அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை தந்த அரசு, தொடக்கப் பள்ளியின் தூய்மைப் பணியாளருக்கு ஒதுக்கிய சம்பளம் பல ஆண்டுகளாக மாதம் ரூ.1,000 என்றே இருந்தது. அதுவும் மாதக்கணக்கில் நிலுவையானது. திரை வாங்கினால் திறப்பு விழா நடக்கும். கழிப்பறை கழுவுபவரின் சம்பளத்தை ஆயிரத்திலிருந்து உயர்த்தினால் எந்த விழாவும் இல்லை. ஒன்றிய அரசு தன் பங்கைக் கொடுக்காத காலத்தில் இந்தத் தொகைகளை முதலில் காப்பாற்றுவது என்று மாநிலம் ஒரு விதி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: எந்தத் தவணை நின்றாலும் பள்ளி மானியமும் சிறப்பாசிரியர் சம்பளமும் தூய்மைப் பணியாளர் கூலியும் ஜூனிலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மொத்தத் தொகையில் பெரிய செலவு ஒன்றும் இல்லை. 37 ஆயிரத்துக்கும் அதிகமான அரசுப் பள்ளிகளுக்கு அது உயிர்ச் செலவு.

நன்கொடை இந்த இடத்தை நிரப்பும் என்று சொல்கிறார்கள். 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல், நம்ம ஊர்ப் பள்ளி’ தொடங்கியது. முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் நிறையக் கொடுத்திருக்கிறார்கள். கொடுப்பவர் தன் பெயர் எழுதிய ஆர்ஓ இயந்திரம் கொடுப்பார். அதன் ஃபில்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் செலவைக் கொடுக்க மாட்டார். பக்கத்து ஊரில் வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் பத்துப் பேர் இருப்பார்கள். காலனிப் பிள்ளைகள் மட்டும் படிக்கும் பள்ளிக்கு அப்படி ஒருவரும் இருக்க மாட்டார். வரிப் பணம் ஊர் பார்த்து வராது. அந்தச் சமத்துவத்தை நன்கொடை தராது.

கவனிக்கும் பொறுப்பு சட்டப்படி யாரிடம் இருக்கிறது என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவிடம். கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ம் பிரிவு. தமிழ்நாட்டில் 2022-ல் இருபது பேர் கொண்டதாக மாற்றியமைத்தார்கள். பதினைந்து பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், தலைவர் ஒரு தாய். 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர். மாதக் கூட்டத்தில் கையெழுத்துப் போட்டு டீ குடித்துவிட்டு வருவதோடு பல ஊர்களில் முடிந்துவிடுகிறது. பணப்பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கும் உரிமை அந்தத் தாய்க்கு இருக்கிறது என்று அவருக்குச் சொல்பவர் இல்லை. இந்த ஆண்டு மானியம் எவ்வளவு, எந்தத் தேதியில் வந்தது, சிறப்பாசிரியர் கடைசியாக எப்போது வந்தார், தூய்மைப் பணியாளருக்கு எத்தனை மாத பாக்கி என்று நான்கு கேள்விகளைக் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்தாலே போதும். ‘நிதி வரப்பெறவில்லை’ என்று ஒரு பள்ளி எழுதினால் அது ஒரு பள்ளியின் குறை. ஒரு ஒன்றியத்தில் அறுபது பள்ளிகள் ஒரே மாதம் எழுதினால், மாவட்ட ஆட்சியர் மேசையில் அது கோப்பாகும். அதே வரியைக் கிராம சபையிலும் வாசிக்கலாம். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்க வேண்டும்.

அந்தப் பள்ளிக்குத் திரும்புகிறேன். பணப்பதிவேட்டில் மார்ச் மூன்றாம் வாரம் வரை ஒரு வரி கூட இல்லை என்றேன் அல்லவா. அதற்குப் பிறகு ஒரு வரவு இருந்தது. ரூ.5,000, மானியத்தின் முதல் பாதி. செலவழிக்கப் பத்து நாட்கள்.

“அப்ப தாழ்ப்பாளுக்கும் குழாய்க்கும் நீங்க போட்ட காசை இதுல எடுத்துக்கிட்டீங்களா டீச்சர்?” என்று கேட்டேன்.

“இல்லைங்க சார். அது ஆகஸ்ட் மாச பில். பணம் வந்த தேதிக்கு அப்புறம் போட்ட பில்லுதான் செல்லும்.”

ஐயாயிரத்துக்கு என்ன வாங்கினார் என்று பதிவேட்டில் பார்த்தேன். அடுத்த ஆண்டுக்கான சாக்பீஸ், பதிவேடுகள், பினாயில் கேன், ஒரு நாற்காலி. பத்து நாளில் ஜிஎஸ்டி பில்லோடு கிடைத்தவை. அவர் அந்த ரசீதுக் கட்டுக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டு மறுபடி இழுப்பறைக்குள் வைத்தார். அதற்கு அடியில், முந்தைய ஆண்டின் கட்டு இருந்தது.